நகரும் புள்ளி ஒரு சுற்று வந்தால்

கோபே, ஜப்பான்
16 ஜூன் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

லோகப்பிரியா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, இருமல் போய்விட்டது. நீங்களும் அத்தையும் சுகம்தானே? அத்தையின் முழங்காலுக்கு அந்தத் தைலம் கேட்கிறதா?

தினமும்தான் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் என்ன பேசுகிறோம்? "ஏனுங்க, சாப்பிட்டீங்களா?" என்பேன். நீங்கள் "ம்" என்பீர்கள். அதற்குள் அத்தை போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்து வீட்டு டெய்சி அக்காவையும் கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவார். புருஷனிடம் சொல்ல வேண்டியதைத் தெருவுக்கே சொல்ல எனக்குத் தெரியாது. ஆகவே இன்றிலிருந்து ஒரு சட்டம் போடுகிறேன். வீட்டு விஷயம் போனில். கணக்கும் மனசும் கடிதத்தில்.

கணக்குக்கு வருகிறேன். நீங்கள் கல்லூரியில் இயக்கவியல் நடத்துகிறவர், இந்தப் பக்கம் வந்ததில்லை. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன், கொட்டாவி விடாமல் கேளுங்கள். ஒரு நேரியல் வகைக்கெழுச் சமன்பாடு. அதில் நான்கு இடங்களில் தொல்லை. அவற்றைக் கெட்ட புள்ளிகள் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கெட்ட புள்ளியைச் சுற்றி வந்தால் சமன்பாட்டின் தீர்வு போன மாதிரியே திரும்பி வராது, கொஞ்சம் மாறி வரும். இப்போது நான்கில் மூன்றை நிறுத்திவைத்து, ஒன்றை மட்டும் மெல்ல நகர்த்துகிறேன். சுற்றி வந்தால் உண்டாகும் அந்த மாற்றம் மட்டும் எப்போதும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்கிறேன். அப்படியென்றால் சமன்பாட்டின் உள்ளே இருக்கிற மற்ற எண்களெல்லாம் அதற்குத் தகுந்தாற்போல் இடம் மாறியாக வேண்டும். எப்படி மாறுகின்றன தெரியுமா? உங்கள் பாடப் புத்தகத்துத் துகள் ஓடுவதைப் போலவே! இடம், உந்தம், ஆற்றல் எல்லாம் இருக்கிறது. நகரும் புள்ளி நிற்கிற இடம்தான் அந்தத் துகளுக்குக் காலம்.

நகரும் புள்ளி பக்கத்துப் புள்ளியை ஒரு சுற்று சுற்றிவிட்டுப் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது. துகள் மட்டும் பழைய இடத்துக்கு வராது. அது எங்கே போய் நிற்கும் என்பதற்கு ஒரு சூத்திரம் கண்டுபிடித்திருக்கிறேன். இதுதான் என் தேற்றம்.

டிசம்பரில் இங்கே பல்கலைக்கழகத்தில் எல்லார் முன்னிலும் இதைச் சொல்ல வேண்டும். சரியாக நின்றால் இங்கேயே மூன்று வருட வேலை கிடைக்கும். நிற்காவிட்டால் மார்ச்சில் என் ஆராய்ச்சிக் காலம் முடிகிறது, ஊருக்கு வந்துவிடுவேன்.

நம் வழக்கப்படி நீங்கள் சரிபார்க்க வேண்டும். என் வழியைப் பார்க்கக் கூடாது. உங்கள் வழியில் போட்டுப் பார்த்துவிட்டு, முடிவை மட்டும் என்னுடையதோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். நானும் கணினியில் போட்டுப் பார்த்தேன். ஆனால் என் கண் எனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும்.

அத்தைக்கு என் வணக்கம். உங்களுக்கு மற்றதெல்லாம்.

உங்கள்
லோகு

*

வடவள்ளி, கோவை
3 ஜூலை 2024

அன்பு அம்மணிக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே நாங்கள் நலமாக இருக்கிறோம். அம்மா பொள்ளாச்சித் தோப்புக்குப் போய்விட்டு நேற்றுத்தான் வந்தார். தென்னையில் வெள்ளை ஈ விழுந்திருக்கிறதாம், அந்தக் கவலையில் முழங்காலை மறந்துவிட்டார். தைலத்தைவிட வெள்ளை ஈ நன்றாக வேலை செய்கிறது.

சட்டத்தை ஏற்றுக்கொள்கிறேன். நான் "ம்" என்று மட்டும் சொல்வதாக எழுதியிருக்கிறாய். அந்த "ம்"மில் எவ்வளவு இருக்கிறது என்று உனக்குத் தெரியாதா?

உன் கெட்ட புள்ளிகளைப் பற்றி இயற்பியல் துறை எபினேசரிடம் டீக்கடையில் சொன்னேன். "ஏனுங்க மோகன், அந்தக் கெட்ட புள்ளிய எதுக்குங்க நகத்தோணும்? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே" என்றார். நகர்த்தினால்தான் மற்றது நகருவது தெரியும் என்று சொன்னேன். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "எங்க ஊட்லயும் அப்படித்தானுங்க" என்றார். அவருடைய மாமனார் வந்து தங்கியிருக்கிறார்.

ஒரு துகளைத் தெருவில் வைத்துப் பார்க்காமல் ஒரு சமன்பாட்டின் வயிற்றுக்குள் வைத்துப் பார்த்திருக்கிறாயே, எனக்குப் பெருமையாக இருக்கிறது. இருபது வருடமாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன், என் துகள்களெல்லாம் சாய்தளத்தில் உருண்டு கீழே விழுவதோடு சரி.

தேர்வுத்தாள் திருத்துகிற வேலை முடியட்டும். ஆகஸ்டில் உட்காருகிறேன். வேளைக்குச் சாப்பிடு. ரொட்டியிலேயே காலம் தள்ளாதே.

உன்
மோகன்குமார்

*

கோபே
21 ஜூலை 2024

அன்புள்ள மாமாவுக்கு,

சுகமாக இருக்கிறேன், ஆனால் வெந்துபோகிறேன். இந்த ஊர் வெயிலில் காற்றே இல்லை. நம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் ஒரு கூடை அனுப்புங்கள். அங்கே யாருக்கும் காய்ச்சல் இல்லையே?

இதோடு நான்கு தாள் இருக்கிறது. தொடக்க எண்கள், சமன்பாடு, கடைசியில் என் விடை. நடுவில் ஒன்றுமில்லை, வேண்டுமென்றேதான். மூன்று வேறு வேறு தொடக்கங்களில் போட்டுப் பாருங்கள்.

இங்கே என் பேராசிரியர் ஓகாவா நல்ல மனிதர். "உன் கணவரும் கணக்கு ஆசிரியரா? அவர் என்ன ஆராய்ச்சி செய்கிறார்?" என்று கேட்டார். "என்னை ஆராய்ச்சி செய்கிறார்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வர ஒரு நிமிடம் ஆனது.

மூன்று வருடம் கிடைத்தால் இரண்டு அறை வீடு தருவார்களாம். ஜன்னலில் கடல் தெரியும். நீங்கள் லீவுக்கு வரலாம். அந்த மூன்று வருடத்தைப் பற்றி நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லையே?

உங்கள் பதிலுக்காகத் தபால் பெட்டியை மிரட்டிக்கொண்டிருக்கும்,
லோகு

*

வடவள்ளி
1 செப்டம்பர் 2024

அன்பு அம்மணிக்கு,

இங்கே எல்லாரும் நலம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? போனில் குரல் கம்மியிருந்தது.

ஆரம்பித்துவிட்டேன். பெரிய வரைபடத்தாள் ஒன்று வாங்கி வந்து சாப்பாட்டு மேசையில் ஒட்டியிருக்கிறேன். நான்கு புள்ளிகளையும் வைத்து, நகரும் புள்ளி போகிற பாதையைப் பென்சிலால் குறித்து, ஒவ்வொரு இடமாகக் கணினியில் ஏற்றுகிறேன். அம்மா அந்தத் தாளின் மேல் சாதத்தட்டை வைக்க மறுத்து, தட்டைக் கையில் ஏந்தியே சாப்பிடுகிறார். "அவ கணக்கு, எச்சில் படக் கூடாது" என்கிறார்.

கல்லூரி முடிந்து பேரூர்க் கோவிலுக்குப் போய்ப் பிரகாரம் சுற்றிவிட்டு வந்து உட்காருகிறேன். மனசு நிதானமாக இருக்கிறது. உன்னோடு எதிரே உட்கார்ந்து கணக்குப் போடுகிற மாதிரியே இருக்கிறது. நீதான் நடுவில் என் டீயை எடுத்துக் குடிப்பதில்லை.

இரண்டு அறை வீட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். கடல் தெரிந்தால் நல்லதுதான்.

உன்
மோகன்

*

கோபே
19 செப்டம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். அத்தையின் கால் பரவாயில்லை என்று போனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன், உங்கள் மனசைத்தான் கேட்க முடியவில்லை.

"கடல் தெரிந்தால் நல்லதுதான்." இது ஒரு பதிலா? ஆமாம் என்கிறீர்களா, வேண்டாம் என்கிறீர்களா? இந்நேரம் முதல் தொடக்கமாவது முடிந்திருக்கும். என் விடையோடு ஒத்துப்போகிறதா? ஒரு வரி எழுதுங்கள். ராத்திரி படுத்தால் அந்தத் துகள்தான் கண்ணுக்குள் ஓடுகிறது. எங்கே போய் நிற்கும் என்று சூத்திரம் எழுதியவளுக்கே பயமாக இருக்கிறது.

நீங்கள் சரி என்று எழுதாமல் நான் மேடை ஏற மாட்டேன். இது உங்களுக்குத் தெரியும்.

அன்போடும் அவசரத்தோடும்,
லோகு

*

வடவள்ளி
20 அக்டோபர் 2024

அன்பு அம்மணிக்கு,

நலம். நீ நலமா?

இங்கே நல்ல மழை. நொய்யலில் தண்ணீர் ஓடுகிறது. சித்திரைச்சாவடி பக்கம் ஜனங்கள் போய் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள், நானும் போய்ப் பார்த்தேன். டவுன் பஸ்ஸுக்குள் ஒழுகுகிறது. நடத்துனர் குடை பிடித்துக்கொண்டு டிக்கெட் கொடுக்கிறார். தோப்பில் வெள்ளை ஈ மழைக்குக் கொஞ்சம் அடங்கியிருக்கிறதாம். அம்மா தீபாவளிக்கு முறுக்கு சுற்றலாமா என்று கேட்கிறார். நீ இல்லாமல் யார் தின்பது என்று வேண்டாம் என்றேன். டெய்சி அக்காவின் மகன் பிராங்குக்கு சூலூரில் வேலை கிடைத்திருக்கிறது.

கணக்கு நடந்துகொண்டிருக்கிறது. இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மோகன்

*

கோபே
2 நவம்பர் 2024

மாமாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன்.

ஆறு வாரம் காத்திருந்ததற்கு ஒரு பக்கம் முழுக்க மழை வந்திருக்கிறது. பஸ் ஒழுகுவதை எனக்கு எதற்கு எழுதுகிறீர்கள்? மூன்று தொடக்கம் போட உங்களுக்கு இரண்டு மாதம் ஆகாது. உங்கள் கையை எனக்குத் தெரியாதா?

எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடம் என்றது உங்களுக்குப் பிடிக்கவில்லை. அதைச் சொல்லவும் மனசு வரவில்லை. அதனால் கணக்கைத் தள்ளிப் போடுகிறீர்கள். போக வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். தீபாவளியன்று தனியாக உட்கார்ந்து ஒரு கிண்ணம் பாயசம் வைத்துக் குடித்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன்.

நேராகக் கேட்கிறேன், நேராகச் சொல்லுங்கள். என் தேற்றம் சரியா, தப்பா?

லோகப்பிரியா

*

வடவள்ளி
12 நவம்பர் 2024

என் கண்ணுக்கு,

அம்மா நலம். நான் நலம் என்று எழுதினால் பொய்.

தப்பு, கண்ணு. மூன்று தொடக்கத்திலும் போட்டுவிட்டேன். நகரும் புள்ளி ஒரு சுற்று வந்து நிற்கும்போது துகள் நீ சொன்ன இடத்தில் இல்லை. மூன்று முறையும் வேறு இடத்தில் நிற்கிறது. புள்ளியை இன்னும் சின்னச் சின்னப் படியாக நகர்த்திப் பார்த்தேன், கணினி நிரலைப் புதிதாக எழுதிப் பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை. தாள்களை இதோடு வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் கடைசியிலேயே தெரிந்துவிட்டது. ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். முதல் விடை ஒத்துப்போகவில்லை என்று கண்ட அன்று மாலை நான் என்ன செய்தேன் தெரியுமா? காந்திபுரம் போனேன். உனக்குச் சேலை எடுத்தேன், மயில்கழுத்து நிறத்தில். மார்ச்சில் வந்துவிடுவாய், வந்ததும் கட்டிக்கொள்ளட்டும் என்று எடுத்தேன். பில் போடுகிற பெண், "ஏனுங்க சார், ஊட்ல விசேஷமுங்களா?" என்று கேட்டாள். "ஆமாங்க" என்றேன். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. பெண்டாட்டி இரண்டு வருடம் உழைத்தது வீணாய்ப் போயிற்று என்று தெரிந்த நாளில், கடைக்குப் போய்ச் சேலை எடுத்து விசேஷம் என்று சொல்லிவிட்டு வருகிறவன் என்ன மனிதன்?

அதற்குப் பிறகு என்மேலேயே எனக்கு நம்பிக்கை போய்விட்டது. தப்பு இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவன் கண்டுபிடித்த தப்பை எப்படி நம்புவது? மறுபடி போட்டேன். மறுபடியும் அதே. உனக்கு எழுத உட்கார்ந்தால் மழையைத்தான் எழுத முடிந்தது.

உன்னைப் போக வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் நீ இல்லாமல் இந்த வீட்டில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இரண்டும் உண்மை.

திட்ட வேண்டுமென்றால் திட்டு. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

மோகன்

*

கோபே
25 நவம்பர் 2024

என் மாமாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். வயிறு மட்டும் சிரித்துச் சிரித்து வலிக்கிறது. நேற்றுப் போனில் ஏன் அப்படிச் சிரித்தேன் என்று கேட்டீர்கள். அத்தை ஸ்பீக்கரில் இருந்தார், சட்டமும் இருந்தது.

உங்கள் தாள்களை இதோடு திருப்பி அனுப்புகிறேன், பிரித்துப் பாருங்கள். பென்சிலால் அம்புக்குறி போட்டிருக்கிறீர்கள் அல்லவா? அது எந்தப் பக்கம் போகிறது? வலமாக! மூன்று தாளிலும் வலமாக! உலகத்தில் இந்தக் கணக்கைப் போடுகிற அத்தனை பேரும் கடிகாரத்துக்கு எதிராகத்தான் சுற்றுவார்கள். எதிலே எழுதியிருக்கிறது என்று கேட்காதீர்கள், எல்லாருக்கும் தெரியும் என்று நானும் எழுதாமல் விட்டேன். உங்களுக்கும் தெரியும், வகுப்பில் சொல்லியும் கொடுத்திருப்பீர்கள். ஆனால் பிரகாரம் சுற்றிவிட்டு நேராக வந்து பென்சிலைப் பிடித்தால் கை எப்படி இடமாகப் போகும்? என் கெட்ட புள்ளிக்குப் பயபக்தியோடு பிரதட்சணம் செய்திருக்கிறீர்கள்.

உங்கள் துகள் நின்ற இடத்திலிருந்து நான் என் சூத்திரப்படி இடமாக ஒரு சுற்று சுற்றிப் பார்த்தேன். நீங்கள் தொடங்கின இடத்துக்கே வந்து நின்றது. நீங்கள் போன வழியே என் சூத்திரம் திரும்பி வந்துவிட்டது என்றால் சூத்திரம் சரி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நான் சொன்னால் செல்லாது. நீங்களே இடமாகச் சுற்றிப் போட்டுப் பார்த்து எழுதுங்கள். டிசம்பர் இருபதாம் தேதி மேடை.

இன்னொன்று. இதை எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. உங்கள் கடிதம் சாயங்காலம் வந்தது. தாள்களைக் காலையில்தான் பார்த்தேன். இடையில் ஓர் இரவு முழுக்க என் தேற்றம் தப்பு என்றே நம்பினேன். அழுவேன் என்று நினைத்து முகத்துக்குத் துண்டெல்லாம் எடுத்து வைத்தேன். அழுகை வரவில்லை. அலமாரியின் மேலிருந்து பெட்டியை இறக்கினேன், மாமா. துடைத்தேன். அதில் பாதி துணி அடுக்கிவிட்டேன். உங்களுக்கு வாங்கி வர வேண்டிய கால்சட்டை அளவு முப்பத்தாறா, முப்பத்தெட்டா என்று யோசித்துக்கொண்டே தூங்கினேன். காலையில் அந்த அம்புக்குறியைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை.

நீங்கள் சேலை எடுத்ததற்கு நான் எப்படித் திட்டுவது?

உங்கள்
லோகு

*

வடவள்ளி
6 டிசம்பர் 2024

என் கண்ணுக்கு,

நலமாக இருக்கிறோம். நீ பெட்டி இறக்கும்போது நாற்காலியில் ஏறினாயா, ஏணி இருந்ததா? விழுந்து வைக்காதே.

வலமாகச் சுற்றினேன் என்று படித்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எபினேசரிடம் சொன்னேன். டீ புரையேறி, பக்கத்தில் இருந்தவர் தலையில் தட்ட வேண்டியதாயிற்று. "நல்ல வேளைங்க, நூத்தியெட்டு சுத்து சுத்தாம உட்டீங்க" என்றார்.

புதுத் தாள் ஒட்டினேன். முதல் தொடக்கத்தை இடமாகச் சுற்றினேன். துகள் நீ சொன்ன இடத்தில் போய் நின்றது. இரண்டாவதும் நின்றது. மூன்றாவதைப் போட உட்கார்ந்தவன் எழுந்துபோய் வாசலில் நின்றுவிட்டேன். அம்மா வந்து, "என்ன சாமி, ஒத்துவல்லியா?" என்றார். "ஒத்து வருதும்மா" என்றேன். என் முகத்தைப் பார்த்தார். "அப்ப அவ மார்ச்சுல வரமாட்டாளா?" என்று கேட்டார். ஸ்பீக்கரில் கேட்டுக் கேட்டு அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. பிறகு, "இருக்கறத இருக்கறபடி எழுதிப்போடு. புள்ள அங்க காத்துட்டு இருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மூன்றாவதும் ஒத்துப்போகிறது. ஏழு தசம இடம் வரை.

ஒரு வார்த்தைதான் எழுத வேண்டும். அரைமணி நேரமாகப் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

சரி, லோகு. உன் தேற்றம் சரி. தைரியமாக மேடை ஏறு.

உன்
மோகன்

*

கோபே
23 டிசம்பர் 2024

என் மாமாவுக்கு,

குளிரில் விரல் மரத்துப்போகிறது, மற்றபடி சௌக்கியம். அத்தைக்கு ஒரு கம்பளிக் காலுறை வாங்கியிருக்கிறேன். முழங்கால் வரை வரும்.

மேடை நன்றாக நடந்தது. கடைசியில் ஒருவர் எழுந்து, "இதை வேறு யாராவது தனியாகச் சரிபார்த்தார்களா?" என்று கேட்டார். என் கணவர், இரண்டு திசையிலும், என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். ஓகாவா மட்டும் சிரிக்காமல் ஏதோ குறித்துக்கொண்டார். மறுநாள் மூன்று வருட வேலைக்கான தாளை என் முன்னால் வைத்தார்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் அவரிடம் ஒன்று கேட்டேன். வருடத்தில் நான்கு மாதம் கோயமுத்தூரில் இருந்துதான் வேலை செய்வேன், முடியுமா என்றேன். காரணம் கேட்டார். நான் சிணுங்கவும் இல்லை, சாக்குச் சொல்லவும் இல்லை. வீட்டுக்காரரோடு இருக்க வேண்டும் என்றேன். அலுவலகத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். இன்று சொன்னார், முடியும் என்று. மார்ச் கடைசியில் வருகிறேன், ஜூலை வரை இருப்பேன். அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் அப்படித்தான்.

மீதி எட்டு மாதம் கஷ்டம்தான். அதை நான் மறைக்கவில்லை, நீங்களும் மறைக்க வேண்டாம். மழையை மட்டும் எழுதி அனுப்பினால் இனிமேல் எனக்குப் புரிந்துவிடும்.

உங்கள் கடிதத்தில் அந்த ஒரு வார்த்தையைப் பல தடவை எடுத்துப் பார்த்துவிட்டேன். மற்ற வரிகளெல்லாம் உங்கள் வழக்கமான கையெழுத்து. அது மட்டும் அழுத்தி, பின்பக்கம் தெரிகிற மாதிரி இருக்கிறது. அதை எழுத உங்களுக்கு எவ்வளவு ஆயிற்று என்று எனக்குத் தெரியும். தப்பு என்றே விட்டிருந்தால் நான் மார்ச்சில் வந்திருப்பேன், வேறு போக்கிடம் இல்லாமல். நீங்கள் சரி என்று எழுதினீர்கள். அதனால்தான் மாமா, நானாக வருகிறேன்.

உங்கள்
லோகு